சர்க்கரை நோயாளி வீட்டில் ஒரு புயல் டப்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்ததும் புயலுக்கு என்னென்ன வாங்கி வைக்கலாம் என்ற பட்டியல்கள் வரத் தொடங்கும். அவல், பொரி, ரஸ்க், பிஸ்கட், பிரெட். கெடாது என்பது உண்மை. ஆனால் அத்தனையும் மாவுச்சத்து. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் கைக்கு வருவது சோற்றுப் பொட்டலம்தான். 300 கிராம் எலுமிச்சை சாதத்தில் 80 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். மூன்று வேளையும் அதையே சாப்பிட்டால் சர்க்கரை எகிறாமல் என்ன செய்யும்? டெல்டாவில் சர்க்கரை நோயாளி இல்லாத தெரு இல்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு டப்பா, புரட்டாசி வெயில் இருக்கும்போதே நிரம்பியாக வேண்டும்.

கரண்ட் போனால் பிரிட்ஜ் மட்டும் நிற்பதில்லை. மிக்ஸி ஓடாது, மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி காலியாகும். ஆகவே அரைக்காமல், அதிகம் கழுவாமல் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். கேஸ் அடுப்பு எரியும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முதல் இடம் வேர்க்கடலைக்கு. 100 கிராமில் 25 கிராம் புரதம், மாவுச்சத்து 16 கிராம்தான். ஒருவருக்கு 5 நாளுக்கு அரைக் கிலோ. தோலுடன், வறுக்காததாக வாங்கி ஒருநாள் வெயிலில் காயவைத்து, ஆறியபின் எவர்சில்வர் தூக்கில் இறுக மூடவும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வறுத்து வைத்தால் மழைக்காற்றில் நமுத்து, சீக்கிரம் சிக்கு வாடை வரும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வறுப்பதே நல்லது. சுருங்கியது, பச்சைப் பூஞ்சை படர்ந்தது, கசப்பது எதையும் தயங்காமல் எறியுங்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பலர் ஏமாறுவது பொட்டுக்கடலையில். புரதம் உண்டுதான், ஆனால் பாதிக்குமேல் மாவுச்சத்து. ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டிய பொருள் அது. சுண்டலும் அப்படியே, மேலும் வேகவைத்த சுண்டல் இந்த ஈரத்தில் காலையில் செய்தால் மாலைக்குள் ஊசிவிடும்.

சைவர்களுக்கு மீல் மேக்கர் பெரிய துணை. நாளைக்கு 50 கிராம் போட்டால் 25 கிராம் புரதம் கிடைக்கும். 5 நாளுக்குக் கால் கிலோ போதும். கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, நல்லெண்ணெயில் மிளகு சீரகப் பொடியுடன் வதக்கினால் சாப்பாடு ஆயிற்று. எள்ளுப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, மிளகு சீரகப் பொடி மூன்றையும் கரண்ட் இருக்கும்போதே அரைத்து வைக்கவும்.

முட்டை நாளைக்கு 3 வீதம் 15. வாங்கிய நாள் முதல் வெளியிலேயே, கழுவாமல், நிழலில் இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். பிரிட்ஜில் இருந்த முட்டை கரண்ட் போனதும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு ஓட்டின்மேல் உள்ள கிருமி உள்ளே இறங்கும். ஆகவே அதை முதலில் தீர்க்கவும். மொத்தமாக அவித்து வைக்க வேண்டாம். அவித்த முட்டை வெளியில் சில மணி நேரம்கூட நிற்காது.

கருவாட்டில் மாவுச்சத்தே இல்லை. நாகப்பட்டினம் பக்கம் கிடைக்கும் நெத்திலி கால் கிலோ வாங்கி, மறுபடி ஒரு வெயில் காட்டிவிட்டு மூடினால் மாதக்கணக்கில் நிற்கும். சிவப்புப் படர்ந்தால், பிசுபிசுத்தால் ஆகாது. உப்பு அதிகம் என்பதால் ரத்தக் கொதிப்புள்ளவர்கள் வெந்நீரில் இருமுறை ஊறவைத்து வடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குக் கருவாடும் இந்தப் புரத அளவும் வேறு கணக்கு. மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

முற்றிய தேங்காய் மட்டையோடு இருந்தால் மாதம் தாண்டும், உடைத்தால் மறுநாளே பிசுக்கும். சின்னக் காயாக நான்கைந்து வைத்தால் வீணாகாது. சாய்ந்த மரங்களின் இளநீரைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிப்பது வழக்கம். ஒன்றில் 10 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கலாம் என்பது நினைவிருக்கட்டும். சாய்ந்த வாழையில் நமக்கு வேண்டியது காய் அல்ல, தண்டும் பூவும். வெள்ளநீர் பட்ட தண்டாக இருந்தால் மேல்மட்டைகளை நிறைய உரித்துவிட்டு, நல்ல நீரில் வேகவைக்கவும். காம்போடு பறித்த முழு வெண்பூசணி ஒன்று மூலையில் கிடந்தால் மாதக்கணக்கில் கெடாது.

இத்தனையும் சொல்லிவிட்டு எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் திடீரென நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு விட்டால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. எவ்வளவு குறைக்கலாம் என்று புயலுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதே டப்பாவில் சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்து, வேர்த்துக் கை நடுங்கினால் 3 தேக்கரண்டி, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை.

முகாம்களில் உணவு தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் அவித்த முட்டை, இன்னொன்றில் அவித்த வேர்க்கடலை. சர்க்கரை இருப்பவர் என்று கேட்டு, அவர்களுக்குப் பாதிப் பொங்கலோடு இவற்றைக் கொடுங்கள். அதே அடுப்பு, அதே ஆட்கள் போதும். அடுத்த புயல் அறிவிப்பை வெளியிடும்போது மெழுகுவத்தி, டார்ச் வரிசையில் இந்த டப்பாவையும் தங்கள் நாளிதழ் சேர்க்க வேண்டும்.

— உணவியல் ஆலோசகர், மன்னார்குடி