ஒன்பது நாப்கினில் மாதம் ஓடாது

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம், கல் குவாரி இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயதுக்கு வந்த இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கும் அரசின் புதுயுகம் திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் பாடு இன்னும் மோசம். ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. அப்படியென்றால் மாதத்துக்கு ஒன்பது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று கிராம சுகாதாரச் செவிலியரே சொல்லித்தருகிறார். அதன்படி மாற்றினால் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிடும். ஐந்து நாள் போகிற பிள்ளை என்ன செய்யும்? காலையில் வைத்ததை மாலைவரை வைத்திருக்கும், இல்லையென்றால் பழைய புடவைத் துணி. துணியில் தப்பில்லை. ஆனால் இங்கே அதை வெயிலில் போட யாருக்குத் துணிச்சல்? பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு, ஈரம் போகாமலே எடுத்துக் கட்டுகிறார்கள். அப்புறம் அரிப்பு, புண்.

கடையில் வாங்கலாமே என்பார்கள். 2018இல் ஜிஎஸ்டியை எடுத்தார்கள், சரி. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் நாப்கின் ஒன்று ஒரு ரூபாய், அதுவும் சரி. அதை வாங்க டவுனுக்குப் போகவேண்டும். பஸ் இலவசம்தான், அன்றைய கூலி போய்விடுமே.

போன மாதம் பள்ளிக் கழிப்பறையைப் பார்த்தேன். நாப்கின் எரிக்கும் மெஷின் சுவரில் இருக்கிறது. அதன் பிளக்கைச் செருக சுவிட்ச் போர்டு இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. காலையில் பிடித்து வைத்த ஒரு டிரம் தண்ணீர் மதிய மணிக்கு முன்பே காலி. பெரிய பிள்ளைகளின் லீவு லெட்டரில் மாதாமாதம் 'காய்ச்சல்' ஏன் வருகிறது என்று எந்த வாத்தியாரும் கேட்பதில்லை.

இது கிரானைட் மாவட்டம். குவாரிகள் கட்டும் பணம் சேருகிற மாவட்ட கனிம அறக்கட்டளைக்குத் தலைவர் தாங்கள். குடிநீர், சுகாதாரம், பெண்கள் குழந்தைகள் நலன் எல்லாமே அந்த நிதியைச் செலவிட வேண்டிய இனங்கள்தான். குவாரி ஊர்ப் பள்ளிகளிலிருந்து தொடங்குங்கள்: கழிப்பறைக்கு மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் முதலில், கூடுதல் பாக்கெட் அடுத்து.

இன்னொன்று. கோடை விடுமுறையில் பாதிக் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகின்றன, பிள்ளைகளும் கூடவே. விடுமுறைக்கான பாக்கெட்டை ஏப்ரலில், பள்ளி மூடும் முன்பே கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் புதிதாக நிதிகூட வேண்டாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்