பழைய இன்செக்டிகான் பொம்மைகளுக்கு நாங்கள் மதிப்புப் போடும் முறை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கடையைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அதை எங்களுக்கே அனுப்பி, "என்ன நடந்தது?" என்று கேட்டீர்கள். நம்பிவிடாமல் கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. "ஒரிஜினலை டூப்ளிகேட் என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள்" என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். இது வேறு. பொருளைப் பார்த்து உண்மையைச் சொல்வதுதான் எங்கள் தொழில். அதையே சந்தேகித்தால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மதிப்புப் போட எங்களிடம் வந்த பொருள் கிக்பேக் என்ற பொம்மை. இன்செக்டிகான்கள் என்பவை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் பூச்சியாக மாறும் ரோபோ பொம்மைகள். 1985இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட மூன்றில் வெட்டுக்கிளியாக மாறுவது கிக்பேக். மற்ற இரண்டும் உங்களுக்குத் தெரியும்: கவைக்கொம்பு வண்டான ஷ்ராப்னெல், ஒற்றைக்கொம்பு வண்டான பாம்ப்ஷெல். கொண்டுவந்தவரிடம் நாங்கள் சொன்னது இதுதான்: உடம்பு ஒரிஜினல், சந்தேகமே இல்லை, துப்பாக்கி பிற்காலத்தில் யாரோ செய்த நகல், ஸ்டிக்கர்கள் புதிதாக அச்சடித்து ஒட்டியவை. "டூப்ளிகேட்" என்ற சொல் துப்பாக்கிக்குச் சொன்னது. அது எப்படியோ முழுப் பொம்மைக்கும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதை விற்றவர் "எல்லாம் அசல்" என்று சொல்லி விற்றிருக்கிறார், அதற்கேற்ற விலையும் வாங்கியிருக்கிறார். அவருடைய வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. அந்த வருத்தத்துக்கு நாங்கள் காரணம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நகல் என்று எப்படிச் சொல்கிறோம்? துப்பாக்கியை உடம்பின் கறுப்புப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். டியூப்லைட்டில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புத்தான். பகல் வெளிச்சத்தில் பளபளப்பு வேறுபடும். அசல் பொருளை அச்சாக வைத்து நகல் எடுக்கும்போது ஓரங்கள் மழுங்கும், நுணுக்கமான கோடுகள் கரையும், அளவும் ஒரு சிறிது குறையும். அதனால் கையில் பிடிக்கும் இடம் தொளதொளவென்று இருக்கும். ஸ்டிக்கர் இன்னும் சுலபம். நாற்பது வருடம் பழகிய பொம்மையில் விளிம்பு தேயாத, நிறம் மங்காத ஸ்டிக்கர் இருந்தால் அது புதிதாக ஒட்டியது. அப்படி ஒட்டுவது குற்றம் இல்லை. அலமாரியில் வைத்து ரசிக்க நாங்களே பலருக்கு அதைத்தான் சிபாரிசு செய்கிறோம். விற்கும்போது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் எதற்கெல்லாம் விலையைக் குறைப்பதில்லை என்பதையும் சொல்கிறோம். கிக்பேக்கின் மஞ்சள் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி இருக்கை காலியாக இருக்கும். "ஆள் தொலைந்துவிட்டதா?" என்று பலர் கவலையோடு கேட்பார்கள். தொலையவில்லை. இந்த அச்சு ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்ளோன் என்ற பழைய வரிசைக்காகச் செய்தது. அதில் ஓட்டுநர் பொம்மை உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸாக வந்தபோது ஓட்டுநர் போய்விட்டார், இருக்கை மட்டும் நின்றுவிட்டது. அதேபோல, விரலால் தேய்த்தால் சின்னம் தெரியும் சதுர ஸ்டிக்கர். 1985இல் வரத் தொடங்கிய அது வயதாக ஆக வேலை செய்யாமல் போவது சகஜம். சின்னம் தெரியவில்லை என்பதற்காக மட்டும் எந்தப் பொம்மையையும் நாங்கள் போலி என்று சொன்னதில்லை.

பொம்மையில் பதித்திருக்கும் டகாரா முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முத்திரை இல்லாவிட்டால் போலி என்று ஒரு பேச்சு இருக்கிறது. கிக்பேக்குக்கு அது ஓரளவு சரி, ஏனென்றால் போலி செய்பவர்கள் அச்சிலிருந்து பெயரைச் சுரண்டிவிடுவது உண்டு. ஆனால் அதே 1985இல் டீலக்ஸ் இன்செக்டிகான்கள் என்று நான்கு வந்தன: பராஜ், சாப் ஷாப், ரான்சாக், வெனம். அவை டகாட்டோகு என்ற வேறொரு ஜப்பானிய நிறுவனத்தின் பீட்ராஸ் வரிசையிலிருந்து ஹாஸ்ப்ரோ எடுத்துக்கொண்டவை. அவற்றில் டகாராவின் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ரான்சாக்கும் வெட்டுக்கிளி ஜாதிதான். அதைப் "போலி கிக்பேக்" என்று யாரோ சொல்ல, மனமுடைந்து எங்களிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. நல்ல அசல் ரான்சாக் என்று சொல்லிச் சந்தோஷமாக அனுப்பியிருக்கிறோம். அந்தக் கதைகள் எந்தக் குழுவிலும் சுற்றுவதில்லை.

புதியவற்றுக்கு வருவோம். 2022இல் லெகசி என்ற புதிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில், டீலக்ஸ் எனப்படும் அளவில் வந்த கிக்பேக்கை உங்களில் நிறைய பேர் எங்களிடம்தான் வாங்கினீர்கள். புதிய பொம்மையாக இருந்தாலும் நாங்கள் முதலில் பூச்சி உருவத்தில்தான் பார்ப்போம். ரோபோ உருவத்தில் இரண்டு கால் நின்றால் போதும். வெட்டுக்கிளிக்கு எல்லாக் கால்களும் தரையைத் தொட வேண்டும், வயிறு தரையில் இடிக்கக் கூடாது, முதுகுத் தகடுகள் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். ஒரு ஜாயின்ட் லூஸாக இருந்தாலும் பூச்சி உருவம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ரோபோவாக மாற்றி, இறக்கையும் உணர்கொம்பும் உபரிக் கால்களும் எங்கே போகின்றன, கையைத் தூக்கினால் இடிக்கின்றனவா என்று பார்ப்போம். திரும்பவும் பூச்சியாக்குவோம். இரண்டாம் முறையும் அதே இறுக்கத்தோடு பொருந்தினால்தான் எங்களுக்குத் திருப்தி.

எங்கள் அபிப்பிராயம் கேட்டால், அசைவில் புதியதுதான் மேல். முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்குகிறது. 1985 பொம்மை கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும். ஆனாலும் சில அசைவுகளிலேயே பூச்சி ரோபோவாகிவிடும் அந்த எளிமையும், உள்ளங்கையில் அடங்கும் அளவும் பழையதில்தான் இருக்கிறது. கூடுதல் விலை கொடுத்து அதைத் தேடுகிறவர்கள் ஏமாளிகள் இல்லை.

செலவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. கடை வாடகையும் ஏறியிருக்கிறது. ஜாயின்ட் வேலை பார்த்த தம்பி நல்ல வேலை கிடைத்து ஹைதராபாத் போய்விட்டார். இந்த நிலைமையில் மதிப்பீட்டுக்கு அடுத்த மாதம் முதல் ஒரு பொம்மைக்கு 300 ரூபாய் வாங்குகிறோம், பொருளை எங்களிடம் விற்றாலும் விற்காவிட்டாலும்.

இத்தனை வருடம் எங்களோடு இருக்கும் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பா விரலைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளோடு வருகிறீர்கள். பெரிய ஆன்லைன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தும், தொட்டுப் பார்த்து வாங்க இந்தச் சின்னக் கடைக்கு ஏறி வருகிறீர்கள். போன வாரம் குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களையும் மறக்க மாட்டோம். நீங்கள் இல்லாமல் இந்தக் கடை இல்லை.

இனி மதிப்பீட்டு முடிவை உடம்பு, உதிரி, ஸ்டிக்கர் என்று பிரித்து எழுதி, படத்தோடு கையில் கொடுப்போம். மதிப்பீடு சனிக்கிழமை பகலில் மட்டும். துப்பாக்கி, ஏவுகணை போன்ற சிறு உதிரிகளைத் தனிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். உடைந்த இடத்தில் ஃபெவிக்விக் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஜாயின்டுக்குள் இறங்கிவிட்டால் பிரிக்க முடியாது. அந்தக் கிக்பேக்கின் சொந்தக்காரர் விரும்பினால் மறுபடி கொண்டுவரலாம். எங்களிடம் இருக்கும் அசல் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்து, அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். அவரிடம் அதற்குக் கட்டணம் வாங்க மாட்டோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்