சேகருக்கு, கியோட்டோவிலிருந்து

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்றுதான் எழுதுவாய், நான் நம்பப் போவதில்லை. உன் தங்கை போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா போன பிறகு வீட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லையாமே? ராத்திரிக்கு டீயும் பன்னும், அண்ணாச்சி கடைப் புரோட்டா கிடைத்தால் அன்றைக்கு விருந்து. அம்மா வைத்த குழம்பு இனி யாருக்கும் வராதுதான். அதற்காக மீனையே விட்டுவிடுவதா, தூத்துக்குடியில் இருந்துகொண்டு?

சரி, குழம்பு வேண்டாம். நான் இங்கே அடிக்கடி செய்கிற மிசோ மீனைச் சொல்கிறேன். மிசோ என்பது ஜப்பான்காரர்கள் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற விழுது. சாய்க்கியோ யாக்கி என்பார்கள். தனியாளுக்கு இவ்வளவு தோதான சமையலை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊறப்போட்டால் செவ்வாய்க்கிழமை வேலைவிட்டு வந்து சுட்டுச் சாப்பிடலாம்.

புளி, மிளகாய், தேங்காய் எதுவும் கிடையாது. "அப்புறம் எதுக்குடா மீன்?" என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. பொறு. இதற்கு இவர்கள் விரும்பி எடுக்கிற சவாரா மீன், நம் சீலாவுக்கு (வஞ்சிரத்துக்கு) பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். அதனால் உன் ஊர் மீனே போதும்.

கியோட்டோ கடலைப் பார்க்காத ஊர். அந்தக் காலத்தில் வாக்காசா விரிகுடாவிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் மலைவழியாக உப்பிட்ட மீனைச் சுமந்து வருவார்களாம். அப்படிப்பட்ட ஊரில் மீனைக் கெடாமல் வைக்க உப்பும் மிசோவும்தான் துணை. இந்த ஊர் வெள்ளை மிசோவில் சோயாவை விட அரிசிக் கோஜி, அதாவது பூஞ்சை வளர்த்த அரிசி, அதிகம். சாதாரண மிசோவில் உப்பு 12 சதவீதம் போல இருக்கும். இதில் 5 சதவீதம்தான், நல்ல இனிப்பு. கோஜியில் உள்ள நொதிகள் மீனின் புரதத்தை மெல்ல உடைத்து ருசியைக் கூட்டுகின்றன. மசாலா செய்கிற வேலையை இங்கே நேரம் செய்கிறது.

நாலு துண்டு வாங்கு, விரல் தடிமனுக்கு. உப்புத் தூவி அரை மணி நேரம் வை. நீர் விடும், அதை நன்றாகத் துடைத்துவிடு. கவிச்சி அதிலேதான் இருக்கிறது, இதை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதே. 200 கிராம் மிசோவில் இரண்டு மேசைக்கரண்டி மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) கலந்து, பாதியைப் பாத்திரத்தில் பரப்பு. மெல்லிய துணியில் மீனைச் சுற்றி வைத்து, மீதியை மேலே பூசு. துணி இருந்தால் மிசோ மீனில் ஒட்டாது. மிரின் அங்கே கிடைக்காவிட்டால் கொஞ்சம் சர்க்கரையும் தண்ணீரும் போதும். மூடி பிரிட்ஜில் இரண்டு நாள். அதற்கு மேல் போனால் சதை இறுகி உப்புக் கரிக்கும். அதற்குள் தின்ன முடியாவிட்டால் மிசோவைத் துடைத்துவிட்டு ப்ரீசரில் வை.

சுடும்போது உன் வழக்கமான பெருந்தீ வேண்டாம். மிசோவின் இனிப்பு சட்டென்று கருகும். தோசைக்கல்லில் பேக்கிங் பேப்பர் போட்டு (விளிம்பு வெளியே நீட்டக் கூடாது, தீப்பிடிக்கும்), சிறுதீயில் மூடிவைத்து இரண்டு பக்கமும் வேகவிடு. ஓரம் பழுப்பாகி, கரண்டி பட்டதும் சதை ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். சுடுசோறும் ஒரு துண்டு முள்ளங்கியும் இருந்தால் வேறு எதுவும் தேவைப்படாது.

சேகர், உன் அம்மா நம் இரண்டு பேரையும் உட்காரவைத்து முள் எடுத்துப் போட்டவர். நீ பன் தின்று படுக்கிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அடுப்பைப் பற்றவை.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஒருவரிடம் மிசோ கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் பிரிட்ஜில் வை. குமார் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள், இட்லிக்குத் தொட்டே தீர்த்துவிடுவான்.

அன்புடன்,
ரவி