பம்பு போகவில்லை, நட்டுதான் தளர்ந்திருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

மினி டிராக்டரில் முன்பக்கம் எரு, மண் அள்ளிப் போடும் லோடர் மாட்டி வைத்திருக்கும் டெல்டாக்காரர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் எரிச்சலும் உண்டு. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து குறுவை போட்டால், அறுப்புக்கும் தாளடி நடவுக்கும் நடுவில் மிஞ்சுவது சில நாள்தான். அதற்குள் எரு அடித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் 27 குதிரைத்திறன் வண்டியின் லோடர் படுத்துக்கொண்டது. பக்கெட்டைத் தாங்கும் லோடர் கை தூக்குகிறது, இறங்குகிறது, பக்கெட் கவிழவும் செய்கிறது. ஆனால் அள்ளிய எருவோடு பின்னால் மடங்க மட்டும் மாட்டேன் என்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஐந்தே நிமிடத்தில் பம்பு போச்சு என்றார்கள். எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வையும் சேர்த்து மாற்ற வேண்டும், பொருள் வர 3 வாரம் ஆகுமாம். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: பம்பு போயிருந்தால் பின்னால் கலப்பை தூக்கும் லிஃப்ட் மட்டும் எப்படி ஜம்மென்று வேலை செய்கிறது? எங்கள் வண்டியில் இரண்டுக்கும் எண்ணெய் தள்ளுவது ஒரே பம்புதானே.

மறுநாள் காலை நானும் தம்பி மகனும் இறங்கிவிட்டோம். பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, லிவரை நாலு பக்கமும் ஆட்டி எண்ணெய் போகும் ஹோஸில் நின்ற அழுத்தத்தை விட்டோம். தூக்கி நிறுத்திய பக்கெட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அப்புறம் கைக்கும் பக்கெட்டுக்கும் போகும் ஹோஸ்களை இடம் மாற்றி மாட்டினோம். இப்போது கையைத் தூக்கும் லிவர் அசைவுக்கு பக்கெட் அழகாக மடங்கியது, பக்கெட்டை மடக்கும் அசைவுக்கோ கை தூக்கவே இல்லை. ஆக எண்ணெய் அழுத்தத்தில் பக்கெட்டைத் தள்ளி இழுக்கும் சிலிண்டரும் ஹோஸும் சரி, கோளாறு வால்வில் இருக்கிறது, இல்லையென்றால் லிவரிலிருந்து வால்வுக்கு வரும் வழியில்.

இன்ஜினை அணைத்துவிட்டு அவன் லிவரை ஆட்ட, நான் வால்வுப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே முன்னும் பின்னும் நகர்ந்து எண்ணெய்க்கு வழி விடும் தண்டை ஸ்பூல் என்பார்கள். கவிழ்க்கும் பக்கம் ஆட்டினால் அது முழுசாக ஓடியது, மடக்கும் பக்கம் ஒரு நெல்மணி நீளம்கூட நகரவில்லை. காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. லிவரிலிருந்து ஸ்பூலுக்கு வரும் கேபிளின் மேலுறையைப் பிடித்து நிறுத்தும் லாக் நட் தளர்ந்து போய், உள்கம்பி இழுக்கிற பக்கத்துக்கு உறையும் கூடவே நழுவிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்பேனர், இருபது நிமிடம், அன்று மதியமே எரு அடித்தோம்.

எல்லாக் கோளாறும் இப்படி லேசில் முடியாது, தெரியும். லிஃப்ட், லோடர் இரண்டுமே சோர்ந்தால் எண்ணெய் அளவையும் ஃபில்டரையும் முதலில் பார்க்க வேண்டும். சேற்றுழவு ஓட்டும் வண்டியில் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். இன்னொன்று, லிவரை இறக்கும் பக்கம் கடைசிவரை தள்ளினால் பல வண்டிகளில் அது அங்கேயே பூட்டிக்கொண்டு நிற்கும். பக்கெட் தரையின் மேடுபள்ளத்தோடு போவதற்கான மிதப்பு நிலை அது, அதையும் ரிப்பேர் என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். பலம் பத்தவில்லை என்று அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்க்ரூவை இஷ்டத்துக்கு முறுக்குவதுதான் மோசம், ஹோஸ் வெடித்துவிடும். எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவுவதும் கூடாது. ஊசித் துளை வழியாகப் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஒரு அட்டையைக் காட்டிப் பார்த்தால் போதும்.

இவ்வளவும் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில் விற்கிற வண்டிக்கு லோடர் பகுதியையாவது படத்தோடு தமிழில் அச்சடித்துக் கொடுக்க கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? வேளாண்மைப் பொறியியல் துறை பராமரிப்பு முகாம் நடத்தும்போது, இன்ஜின் ஆயிலோடு நிறுத்தாமல் ஒரு மணி நேரம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இந்த ஹைட்ராலிக்கையும் பிரித்துக் காட்டட்டும். குறுவை அறுப்புக்கு முன்னால் நடத்தினால் நாங்கள் வரத் தோதாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.