நாஜி வேடமிட்ட நாஜி எதிர்ப்பாளர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1942ஆம் ஆண்டின் 'காசாபிளாங்கா' என்னும் ஹாலிவுட் படத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அதில் நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் வெய்ட்டை 'வில்லன் நடிகர்' என்று மட்டும் சொல்லிக் கடந்தது எனக்கு வருத்தமளித்தது. 1893இல் பெர்லினில் பிறந்து, நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் அரங்கில் பயின்ற அவர், யூதப் பெண்ணை மணந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே, புகழின் உச்சியில் இருந்தபோதே, தாய்நாட்டை விட்டு இங்கிலாந்து சென்றவர்.

'டாக்டர் கலிகாரியின் அறை' என்னும் 1920ஆம் ஆண்டு மௌனப் படத்தில், பெட்டிக்குள் நின்றபடி அவர் இமைகளை மெல்ல, நடுங்க நடுங்கத் திறக்கும் காட்சியை எங்கள் வீட்டு வளவில் அமர்ந்து பார்த்தபோது, பேரப்பிள்ளைகள்கூட வாய் திறக்கவில்லை. வசனமே இல்லாத நடிப்பு அது! நாஜிகளின் வீழ்ச்சியைக் காணாமலே, 1943 ஏப்ரலில், 50 வயதில் மாரடைப்பால் மறைந்த அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.