நாலாம் நம்பர் மெஷின்

முருகன் துணை

ரங்கூன், ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

காகிதத்தில் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போனில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று உனக்கே தெரியும். கோடி வீட்டு மாமி மகளைப் பார்க்க சிங்கப்பூர் வருகிறார்கள். அவர்கள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா தனியாக ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறாள். ஊறவைத்த லப்பேத் தேயிலை, பொரித்த பூண்டு, இறால் பலாச்சாங். பலாச்சாங் பாட்டிலைப் படுக்கவைக்காதே, மூடி சரியில்லை.

கரண்டு நாலு மணி நேரம் இருக்கிறது, நாலு மணி நேரம் போகிறது. பாட்டரி விளக்கில் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அக்கா பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்தாள். பெற்ற மகள் ராத்திரி தங்குவதற்கு வார்டு ஆபீசில் போய்ப் பேர் எழுதிவிட்டு வந்தேன். நீ இருந்திருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் கத்தியிருப்பாய். நீ கத்துவது இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது இங்கே காலை ஒன்பதரை. அங்கே பதினொன்று இருக்கும். உன் முதுகுக்குப் பின்னால் அறை ஜன்னல் தெரிந்தது, அதில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வெயில் நன்றாக அடித்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய். இப்போதும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. வேளைக்குச் சாப்பிடு. அந்தப் பாக்கெட் நூடுல்ஸை மூணு வேளையும் தின்னாதே. ராத்திரி தூங்கு.

மாமி மகள் பொதுவாக ஒரு விஷயம் சொன்னாள். அங்கே வேலை பாஸ் ரத்தானால் 30 நாள்தான் தங்கவிடுவார்களாம். ஆளைக் குறைத்தால் இவ்வளவு பணம் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லையாம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டாம். உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் படித்து வைத்துக்கொள். காரணம் ஒன்றும் இல்லை, சும்மா சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு நாம் பேசிய பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் கம்பெனியில் சிலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவருக்குக் கைக்குழந்தை என்று நீதான் சொன்னாய். பாவம் என்றேன். அதற்கு நீ, ‘யாருக்கும் வேலை என்பது பாத்தியதை இல்லைப்பா. மெஷினை வைத்து ஒரு ஆள் பத்து ஆள் வேலையை முடித்தால் மிச்ச ஒன்பது பேருக்குச் சம்பளம் கொடுப்பது தர்மம், வியாபாரம் ஆகாது. அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுத்தால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும்’ என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அது தப்பு. உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நீ சொன்னதில் கணக்கு சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் அடுத்தவனுக்கு என்று சொன்ன அந்த வார்த்தையை நீ இப்போது ராத்திரியில் உனக்கே சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறாயோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அரசாங்கம் கையை எடுத்தால் போதும், மனுஷன் தானே பிழைத்துக்கொள்வான் என்பது உன் கட்சி. அந்தக் கட்சியை உனக்கு ஊட்டி வளர்த்தது நான்தான், வேறு யார்? பெகு ஊரில் தாத்தா கடையை 1964இல் ராணுவ அரசாங்கம் எடுத்துக்கொண்டதை ஒவ்வொரு ராத்திரியும் கதையாகச் சொன்னேன். துணியை முழம் போட்டு அளந்து எழுதிக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு, கல்லாவில் இருந்த சில்லறையைக்கூட எண்ணி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மறு மாதமே மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். ஊரில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். தாத்தா ஏறவில்லை. அப்புறம் 1987. எனக்கு 25 வயசு. ரேடியோ ரிப்பேர் பார்த்துச் சேர்த்த பணம் முழுக்க எழுபத்தைந்தும் முப்பத்தைந்துமாக வைத்திருந்தேன். செப்டம்பரில் ஒரு நாள் காலையில் அதெல்லாம் செல்லாது, ஈடும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நோட்டுகளில் இரண்டை நீ பிட்காயின் பற்றிப் பேச ஆரம்பித்த காலத்தில் என்னிடம் கேட்டு வாங்கிப் போனாயே, இன்னும் வைத்திருக்கிறாயா? ‘எந்தத் தளபதியும் ராத்திரியோடு ராத்திரியாக ரத்துசெய்ய முடியாத காசு’ என்று நீ சொன்னபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உண்மையாகச் சொல்கிறேன்.

1996இல் போட்ட கம்ப்யூட்டர் சட்டத்தில், அனுமதி இல்லாமல் சில கருவிகளை வைத்திருந்தால் ஏழு வருஷத்திலிருந்து பதினைந்து வருஷம் வரை ஜெயில். அந்தக் காலத்தில்தான் அப்பா பயந்து பயந்து ஒரு கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாக வாங்கிக் கோத்தேன். சிம் கார்டு லட்சக்கணக்கில் விற்றது, அம்மா வளையல் போனது உனக்கு நினைவிருக்கும். 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டு வந்ததும் அதே சிம் 1500 கியாட். தாம்வே மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாள் கையில் போன். இந்த விஷயத்தில் நீ சொல்வதற்கு நான் மறுபேச்சுப் பேசியதே இல்லை. பேசவும் மாட்டேன்.

ஆனால் ஜாஜி என்கிற பர்மிய எழுத்துரு விஷயத்தில் நீ இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. பதினைந்து வயசில் நீ எழுதிய முதல் புரோகிராமே ஜாஜியில் அடித்ததை எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுவதுதான். நம் இன்டர்நெட் கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டினேன். என் மகன் செய்தது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஜாஜியை எந்த அரசாங்கமும் திணிக்கவில்லை, சனங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பாய். வாஸ்தவம். எல்லாப் போனிலும் அதுதான் இருந்தது. ஆனால் ஷான்காரர்கள், மோன்காரர்கள், கரேன்காரர்களின் எழுத்துக்கென்று யூனிகோடில் ஒதுக்கிய இடத்தையெல்லாம் பர்மிய எழுத்தின் வடிவங்களை வைத்து நிரப்பிக்கொண்டது அது. நம் கடையில் ஷான் வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து தன் பேரை அடித்துப் பார்த்தார், திரையில் ஏதோ வந்தது. அடித்து, அழித்து, அடித்து, அழித்து, கடைசியில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் காசு கொடுத்துப் போனார். நீ பக்கத்து ஸ்டூலில் இருந்தாய். 2019 அக்டோபர் 1 அன்று எல்லோரும் யூனிகோடுக்கு மாற வேண்டும் என்று அரசாங்கம் நாள் குறித்தபோது நீ ‘எழுத்துருவிலும் மூக்கை நுழைக்கிறார்கள்’ என்றாய். அந்த வாத்தியாரை நினைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன். கூட்டம் தானாகப் போய்ச் சேருகிற இடத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது தம்பி.

சாப்பிடு. மறக்காதே.

இப்போது சொல்லப்போவதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த அந்த இரண்டு போன் கம்பெனிகளில் ஒன்றான டெலினார்காரன் 2022 மார்ச்சில் கடையைக் கட்டிக்கொண்டு போனான். ராணுவத்தின் ஒட்டுக்கேட்கும் கருவியை ஓட விட மாட்டோம் என்று சொல்லிவிட்டு, கம்பெனியை விற்றுவிட்டுப் போனான். நீ கொதித்தாய். ‘1 கோடியே 80 லட்சம் பேர் யாரோடு எப்போது பேசினார்கள் என்கிற பதிவையும் சேர்த்துத்தானே கைமாற்றுகிறான், அழித்துவிட்டுப் போயிருக்கலாமே’ என்றாய். அப்புறம் சொன்னாய், ‘எங்கப்பா தெருக்கடை வைத்திருந்தவர், கடைக்கு வந்தவர்கள் பேர் எழுதிய நோட்டை அவர் எரித்தார், இவ்வளவு பெரிய கம்பெனிக்கு முடியவில்லையா?’ அக்கா கல்யாணத்திலும் உன் சிநேகிதர்களிடம் இதைச் சொன்னாய். நான் பந்தியைப் பார்க்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

தம்பி, நான் எரிக்கவில்லை.

கடையில் ஆறு மெஷின் வைத்திருந்தபோது என்னென்ன கட்டளை இருந்தது என்று உனக்குத் தெரியும். வருகிறவர் பேர், அடையாள அட்டை நம்பர் நோட்டில் எழுத வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிடியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். சிடியில் பாதி வெறும் சிடியாகக் கொடுத்துச் சமாளித்தேன், அது நிஜம். தடையைத் தாண்ட ப்ராக்ஸி போட்டு ஜிமெயில் பார்க்கிறவர்களைக் கண்டும் காணாமல் விட்டேன், அதுவும் நிஜம். நோட்டு மட்டும்தான் நான் சொன்னபடி இல்லை.

2007 செப்டம்பர் கடைசியில் பிக்குகள் ஊர்வலம் போனார்கள், சூலே பகோடா பக்கம் பட்டாளம் சுட்டது, அப்புறம் நெட்டையே வெட்டிவிட்டார்கள். அக்டோபர் முதல் வாரம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். கைலி கட்டி, சாதாரணமாக. எதிர் டீக்கடையில் மூன்று டீ சொன்னார்கள், எனக்கும் சேர்த்து. மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒருவர் கேட்டார், நான் சொன்னேன். மற்றவர் நோட்டைக் காட்டச் சொன்னார். சிவப்பு அட்டை போட்ட அந்த நீள நோட்டு. அவர் கை வைக்குமுன் நானே புரட்டினேன். செப்டம்பர் 26. நானே விரலை வைத்துக் காட்டினேன். நாலாம் நம்பர் மெஷின், மத்தியானம் ஒன்றேகாலிலிருந்து இரண்டேமுக்கால் வரை.

உனக்கு அந்தப் பையனைத் தெரியும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பென் டிரைவ் தொங்கும். உனக்கு சாலிடேர் ஆடச் சொல்லிக்கொடுத்தவன். அதற்கப்புறம் வரவில்லை. எங்கே போனான் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி கொல்லைப்புறத்தில் நான் எரித்தது முந்தின வருஷத்துக் கரண்டு பில்லும் பழைய கணக்கு நோட்டும். நீ வாசலில் நின்று பார்த்தாய். என்னப்பா எரிக்கிறீர்கள் என்று கேட்டாய். பத்து வயசுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னேன். 18 வருஷம் ஆகிறது, அம்மாவுக்கும் தெரியாது.

தனி மனுஷன் தன் இஷ்டப்படி யாரோடும் பேசி முடித்துக்கொள்வான் என்கிறாயே. அன்றைக்கு அந்தக் கடையில் நான் தனி மனுஷன்தான். என் கடை, என் நோட்டு, என் வாய். கொடுக்க மாட்டேன் என்று சொல்கிற கடைக்காரனுக்குப் பின்னால் நிற்க ஒரு சட்டமோ கோர்ட்டோ கடைக்காரர் சங்கமோ இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. அதெல்லாம் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் அரசாங்கத்தைக் கட்டிப்போடுவதற்கும் ஒரு சட்டம்தான் வேண்டியிருக்கிறது, அதைத் தனியாளால் போட முடியாது என்பதை அந்த மூன்றாவது டீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எல்லாச் சட்டத்தையும் ஒரே குப்பையில் கொட்டாதே. உன்னை விசாரிக்காமல் அனுப்பக்கூடாது, அனுப்பினால் இத்தனை மாதச் சம்பளம் கொடு என்று சொல்கிற சட்டம் தாத்தா கடையை எடுத்துக்கொண்ட சட்டத்தோடு சேராது.

அதைவிட இது முக்கியம். வெட்கத்தைத் தனியாக வைத்துக்கொண்டு வாழ முடியும், நான் வாழ்ந்திருக்கிறேன். டீ குடிக்கும்போதெல்லாம் அது வரும். உனக்கு அப்படி ஆக வேண்டாம் ராசா. வேலை பாத்தியதை இல்லை என்று நீ எத்தனை முறை சொல்லியிருந்தாலும் சரி, இந்த வீட்டில் அதை உனக்கு யாரும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள்.

ஊருக்கு வா என்று அம்மா எழுதச் சொன்னாள். நான் எழுத மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் உன்னோடு பந்து விளையாடினவர்கள் ஒருவரும் இப்போது வீட்டில் இல்லை. அப்படி ஒரு அவசரம் வந்தால் சென்னை வியாசர்பாடியில் சித்தப்பா இருக்கிறார், அவருக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள். விசாவை முதலில் எடுத்துவிடு, கடைசி வாரத்தில் ஓடாதே.

பணம் அனுப்பாதே. முன்பெல்லாம் ஒன்றாம் தேதி ஒரே தொகை வரும், இந்த இரண்டு மாதமாகத் தேதியும் மாறுகிறது, தொகையும் மாறுகிறது. வேண்டாம். நீ இதுவரை அனுப்பியதில் பாதியை நாங்கள் தொடவில்லை. கியாட்டாக வைத்தால் கரைந்துவிடும் என்று தங்கமாக வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்பது சின்னக் காசு, எங்கே என்று அக்காவுக்குத் தெரியும். அது உன்னுடையது. எப்போது வேண்டுமோ சொல், மாமி மாதிரி யார் கையிலாவது வந்துவிடும்.

வருகிற ஞாயிறு காலை ஆறிலிருந்து பத்து வரை கரண்டு இருக்கும். அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், வீட்டில் நான் மட்டும்தான். அந்த நோட்டைப் பற்றி என்ன கேட்க வேண்டுமானாலும் கேள், திட்ட வேண்டுமானால் திட்டு. உன் சங்கதியையும் அப்போதே சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா