முதுமையைச் சுமக்கும் நடிப்புக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே' திரைப்படத்துக்கு வந்த விமர்சனங்கள் பலவும் இரண்டு குறைகளையே சுற்றிச் சுற்றிப் பேசின. தாயும் மகளும் உடல் மாறிக்கொள்ளும் கதையாக 2003-இல் வந்த 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' படத்தின் நினைவை நம்பியே இது ஓடுகிறது என்பது ஒன்று. நால்வர் உடல் மாறுவதால் யாருக்குள் யார் இருக்கிறார் என்று புரியவில்லை என்பது மற்றொன்று. பாட்டியாக வரும் ஜேமி லீ கர்ட்டிஸுக்குப் பாராட்டு கிடைத்தது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிட்டது. விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டியது அதுவே என்பது என் உறுதியான கருத்து.

வயதை மாற்றிக்கொள்ளும் கதைகள் பெரும்பாலும் இளமையின் பக்கமே சாய்கின்றன. மகாபாரதத்தில் தந்தை யயாதியின் முதுமையைப் பூரு வாங்கிக்கொண்ட கதையிலும் யயாதியின் இன்ப வாழ்வு சொல்லப்படுகிற அளவுக்கு, அந்த முதுமையைச் சுமந்த மகனின் நாட்கள் சொல்லப்படுவதில்லை. 1988-இல் வந்த '18 அகெய்ன்!' படத்தில் 92 வயது ஜார்ஜ் பர்ன்ஸ் தாத்தாவாக நடித்தார். பேரனோடு உயிர் மாறியதும் அந்த முதிய உடல் நினைவிழந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க, மீதிக் கதையை இளைஞர் ஒருவரே நடத்திச் செல்கிறார். முதியவரைப் பற்றிய படத்திலேயே முதிய உடலுக்கு வேலை இல்லாமற்போனது.

'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே' அந்த உடலைக் கட்டிலில் கிடத்தவில்லை. பதின்பருவப் பெண்ணான லில்லி, தனக்கு உறவாகப் போகிற டெஸ் பாட்டியின் உடலுக்குள் புகுந்து, முகச் சுருக்கங்களைப் பார்த்து அலறுகிறாள். அந்த அலறலை நடிப்பவர் 66 வயதுக் கர்ட்டிஸ். அவள் பார்த்து அஞ்சுவதும் அவருடைய சொந்த முகத்தையே. 2002-ஆம் ஆண்டிலேயே ஒப்பனையும் திருத்தமும் இல்லாத தம் படத்தை ஓர் அமெரிக்க இதழில் துணிந்து வெளியிடச் செய்தவர் அவர். தம் முதுமையை மறைக்க மறுத்த ஒருவர், அதே முதுமையைக் கண்டு கூசும் சிறுமியாக நம்மைச் சிரிக்க வைப்பது எளிய காரியமன்று. இதைக் கலகலப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது, விமர்சனம் தன் வேலையைப் பாதியில் விடுவதாகும்.

குழப்பம் பற்றிய குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் உடல் மாறுவோரின் எண்ணிக்கை அதற்குக் காரணமன்று. முந்தைய படத்தில் தாயின் கண்டிப்பையும் மகளின் துடுக்கையும் நன்றாகப் பழகிய பிறகே மாற்றம் நிகழ்ந்தது. ஆகவே மகளின் சாயல் தாயிடம் தெரிந்தபோது உடனே அடையாளம் கண்டோம். இப்போது டெஸ்ஸின் பேத்தி ஹார்ப்பரையும் லில்லியையும் நாம் அறிந்துகொள்ளுமுன்பே அவர்கள் உடல் மாறிவிடுகிறார்கள். முதியோரின் உடல் உபாதைகளைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் சில இடங்களும் மலிவானவையே. அவற்றை விமர்சகர்கள் கண்டித்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

இந்த அலட்சியம் புதிதன்று. 'பிக்' படத்தில் பெரியவர் உடலில் சிறுவனாக நடித்த டாம் ஹாங்க்ஸ் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1976-இல் வந்த முதல் 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' படத்தில் நடித்த பார்பரா ஹாரிஸ், ஜோடி ஃபாஸ்டர் இருவரும், 2003 படத்தில் தாயாக நடித்த கர்ட்டிஸும் கோல்டன் குளோப் விருதுப் பரிந்துரை பெற்றார்கள். அந்தப் படங்களுக்காக மூவரில் ஒருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை. கர்ட்டிஸ் பின்னர் ஆஸ்கர் வென்றது வேறொரு படத்துக்காக.

தங்கள் நாளிதழின் திரை விமர்சனப் பகுதி கதைச் சுருக்கத்தைக் குறைத்து, இத்தகைய நடிப்பை ஆராய்வதற்கு இரண்டு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்